வயர்மேன் உமாதேவியும் அம்மன் வண்டியும்

பிரிஞ்சாங் சந்தைக்குப் பின்னால் இறங்கும் சந்தில் 'உமாதேவி வயரிங்' என்று சிவப்பு எழுத்தில் பலகை தொங்கும் பெங்கேல் ஒன்று இருக்கிறது. பழுதான வண்டிகளோடு அந்தப் பட்டறைக்கு முதல் தடவை வருகிறவர்களில் பாதிப் பேர், "வயர்மேன் இல்லையா?" என்று கேட்பார்கள். ஏதாவது ஒரு வண்டியின் பானெட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, "நான்தான் வயர்மேன். வண்டிக்கு என்னா?" என்பாள் உமாதேவி. கோபமெல்லாம் கிடையாது. சொல்லப்போனால், அந்தக் கேள்வி வரட்டும் என்றே அவள் காத்திருப்பாள்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடிந்ததும், ஈப்போவுக்குப் போய் வண்டி வயரிங் படிக்கப் போகிறேன் என்றாள். லைனே கூடிச் சிரித்தது. பொம்பளைப் பிள்ளைக்குத் தையல் இருக்கிறது, அலங்காரம் இருக்கிறது, இதென்ன கூத்து என்றார்கள். படித்தாள், திரும்பி வந்தாள், பட்டறை போட்டாள். அன்றைக்குச் சிரித்தவர்களின் வண்டிகள் இன்றைக்கு அவள் வாசலில்தான் வரிசை கட்டி நிற்கின்றன. அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. எதற்கு இருக்க வேண்டும்? வேலை தெரிந்தவள், தெரியும் என்கிறாள்.

ஆனால் அவளுடைய அந்தப் பெருமைக்கே ஒரு முறை சோதனை வந்தது. அது தங்கையாவின் பழைய பிக்கப்பில் ஏறி வந்தது.

தங்கையா கியா பார்ம் என்கிற ஊரில் முட்டைக்கோஸ் போடுகிறவர். அவரும் அதே தோட்டத்தில் பிறந்தவர்தான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் சாமியின் தேரை இழுப்பது, அவர் அதை வாங்கிய நாள் முதல், அந்தப் பிக்கப்தான். ஊருக்குள் அதற்குப் பெயரே அம்மன் வண்டி. கடந்த ஒரு வருடமாக அந்த வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கு மினுக்கும். வலப்பக்கச் சிக்னல் போட்டால் முன்விளக்குகள் மங்கும். மூடுபனி இறங்கினால் போதும், எல்லா விளக்கும் செத்துவிடும். தங்கையா போகாத பட்டறை இல்லை. ஒருவன் பேட்டரியை மாற்றினான், இன்னொருவன் பல்புகளை மாற்றினான், மூன்றாமவன் கையை விரித்தான். கடைசியில் அவர் மனைவி ரஞ்சிதம், வண்டிக்குப் பேய் பிடித்திருக்கும் என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தும் பார்த்தாள்.

கோயில் தலைவர் சிவசாமி கறாரான ஆள். "பனியில விளக்கில்லாத வண்டி தேரை இழுத்துக்கிட்டு மலை ஏறினா, சனங்க கதி என்னாகுறது? இந்த வருசம் புது லோரி சொல்லிட்டேன்" என்று கோயில் கூட்டத்தில் ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. தங்கையா தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டத்தில் நின்ற உமாதேவிக்கு வாய் சும்மா இருக்குமா? "லோரி பின்னாடி வரட்டும் தலைவரே. தேரை அம்மன் வண்டிதான் இழுக்கும். வெளக்கு நின்னா, என் பலகையைக் கழட்டி உங்க கையில குடுத்துடுறேன்" என்றாள். எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை. இனி விழுங்க முடியாது.

மறுநாளே வண்டி பட்டறைக்கு வந்தது. பின்பக்க வயர்கள் சேரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பாசியாகக் களிம்பு. "இதோ மாட்டிக்கிச்சு உங்க பேய்!" என்று சிரித்தாள். சுத்தம் செய்து மாட்டினாள். வண்டியின் உடம்போடு வயர் சேரும் எர்த் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாக, பளபளவென்று புதுசுபோல இருந்தன. திருப்தியாக பானெட்டை மூடிவிட்டு, தங்கையாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேட்டில் ஓட்டிப் போனாள். பனி முகத்தில் அடித்த வளைவில் முன்விளக்கு இரண்டும் ஒரு தடவை கண்சிமிட்டின, பிறகு அணைந்தன.

தங்கையா இறங்கிப் போய் விளக்கைத் தட்டிப் பார்த்தார். உமாதேவிக்கு மூக்கு அறுபட்டது போல இருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் அவள் சிரிப்பெல்லாம் போய்விட்டது. முன்விளக்கைப் போடச் சொன்னாள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்தாள், மறுமுனையை விளக்கின் எர்த்தில் வைத்தாள். எர்த் சரியாக இருந்தால் முள் அசையவே கூடாது. அது துள்ளி ஏறியது. ஒரு தனி வயரை எடுத்து, விளக்கின் எர்த்திலிருந்து நேராகப் பேட்டரிக்கு இழுத்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. வயரை எடுத்தாள், மங்கியது.

"கரண்டு போற வழி நல்லாத்தான்ணே இருக்கு. திரும்பி வர்ற வழிதான் அடைச்சிருக்கு" என்றாள். "போல்ட்டு இவ்வளவு சுத்தமா இருந்தும் எப்படி அடைக்கும்? இந்தக் கோளாறு வர்றதுக்கு முன்னாடி வண்டிய என்னா செஞ்சீங்க?"

"ஒன்னும் செய்யலயே லா" என்றார் தங்கையா. கண் மட்டும் வேறு பக்கம் போனது.

சாப்பாடு கொண்டு வந்திருந்த ரஞ்சிதம் பொறுக்காமல் சொன்னாள். "என்னா செய்யல? போன வருசம் தேர் இழுக்குறதுக்கு முன்னாடி, வெரதம் இருந்து வண்டி அடிப்பாகம் பூரா செவப்புச் சாயம் அடிச்சாரு. ஒவ்வொரு போல்ட்டையும் கழட்டி, அதுக்கு அடியிலயும் அடிச்சுட்டுத்தான் திருப்பி மாட்டுனாரு. கேட்டா, அம்மனுக்கு முன்னாடி போற வண்டி, கண்ணுக்குத் தெரியாத எடத்துலயும் அழகா இருக்கணும்னாரு."

உமாதேவி தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடத்திலெல்லாம் மனுஷர் பக்தியைப் பூசி வைத்திருக்கிறார்! முதலில் போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரண்டு போய்வந்திருக்கிறது. மழையும் பனியும் இறங்கித் துரு பிடித்ததும் அந்த வழியும் போயிற்று. கண்ணுக்கு அழகாக இருந்ததால் அவளும் ஏமாந்துபோனாள்.

"சொரண்டணும்ணே."

தங்கையாவின் முகம் சுருங்கியது. "சாமிக்குன்னு நேந்து அடிச்ச சாயம்மா அது..."

"முழுசாவா சொரண்டப் போறேன்? போல்ட்டு உக்கார்ற எடம் மட்டும். காசு அகலம் போதும்."

அவர் ரஞ்சிதத்திடம் சூடம் வாங்கி, வண்டிக்கு முன்னால் ஏற்றிக் கும்பிட்டார். உப்புத்தாளை உமாதேவியின் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டார். "நான் அடிச்சது, நானே எடுக்குறேன்" என்று வண்டிக்கு அடியில் புகுந்தார். அவர் தேய்க்கத் தேய்க்க வெள்ளை இரும்பு தெரிந்தது. உமாதேவி ஒவ்வொரு எர்த்தையும் இறுக்கி, ஈரம் புகாமல் மேலே கிரீஸ் தடவினாள். மீட்டர் முள் படுத்தே கிடந்தது.

அதோடு விட்டாளா? கேபினுக்குப் பின்னால், இருட்டில் காய் ஏற்றுவதற்காக மாட்டிய பெரிய விளக்கு ஒன்று பல வருடமாகச் செத்துக் கிடந்தது. அது வேண்டாம் என்றார் தங்கையா. "என் கை பட்ட வண்டியில எதுவும் சும்மா தொங்கக் கூடாது" என்று அதையும் எரிய வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள்.

திருவிழா அன்று பொழுது சாயும்போதே பனி இறங்கிவிட்டது. தங்கையா பிக்கப்பை ஓட்ட, பின்னால் வண்ண விளக்குகளோடு அம்மன் தேர், அதற்கும் பின்னால் சிவசாமி சொல்லி வைத்த புது லோரி. உமாதேவி பிக்கப்பின் கதவைப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்தாள். தேயிலைத் தொழிற்சாலை வளைவில் பனி சுவராக நின்றது. முன்விளக்கு இரண்டும் கொஞ்சமும் அசையாமல் எரிந்தன. தங்கையா பிரேக்கை மிதித்தார், பிரேக் விளக்கு மட்டும் எரிந்தது.

செத்தது வேறொன்று. தேருக்கு விளக்குக் கொடுத்த வாடகை ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றுபோனது. தேர் இருண்டது. அம்மன் முகம் தெரியவில்லை. மேளம்கூட நின்றுவிட்டது.

உமாதேவி யாரையும் கேட்கவில்லை. பிக்கப்பின் ஜன்னலுக்குள் கையை விட்டு ஒரு சுவிட்சைத் தட்டினாள். கேபினுக்குப் பின்னால் இருந்த அந்தக் காய் ஏற்றுகிற விளக்கு பளீரென்று எரிந்து, நேராக அம்மன் முகத்தில் விழுந்தது. மூக்குத்தி மின்னியது. லைன் சனங்கள் மொத்தமும் "தாயே!" என்று கத்தியது மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

மேளம் மறுபடி எழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஜெனரேட்டர்க்காரன் ஓடி வந்தான். "தலைவரே, சரி பண்ணிட்டேன். போடவா?"

சிவசாமி அம்மனைப் பார்த்தார், பிக்கப்பைப் பார்த்தார். "வேணாம்டா. கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் இதுவே எரியட்டும்" என்றார்.

உமாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவள் மறைக்கவும் இல்லை. தங்கையா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"உமா, அடுத்த வருசமும் சாயம் அடிப்பேன்மா."

"அடிங்கண்ணே. எர்த்த மட்டும் விட்டுடுங்க."

"எங்க விடணும்னு நீயே வந்து காட்டு. உன்ன வச்சுக்கிட்டுத்தான் பிரஷ்ஷையே தொடுவேன்."