சத்தியநேசன் ஆற்றில் இறங்கினார்

1911ஆம் வருஷம், ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை. கொக்கிரகுளம் பாலத்துக்குக் கீழே சத்தியநேசனின் மனைவி சாரம்மாள் ஆற்றோடு போனாள். துவைக்கிற கல்லிலிருந்து நழுவிய ஜமுக்காளத்தை எட்டிப் பிடிக்கப் போனவளுக்குக் கால் சறுக்கியது. கசம் என்று ஊரில் சொல்லும் ஆழக்குழி அங்கேதான் இருந்தது. துணிமூட்டை சுமந்து கூடவே வந்திருந்த சத்தியநேசன் இடுப்பளவு தண்ணீர் வரை ஓடினார். அதற்கு மேல் கால் எழவில்லை. அவருக்கு நீந்தத் தெரியாது. அவள் கை இரண்டு தடவை மேலே வந்தது. மூன்றாம் தடவை வரவில்லை.

பாலத்தில் போய்க்கொண்டிருந்த மேலப்பாளையத்து நெசவாளி மீரா முகைதீன் ஓடிவந்து முங்கித் தேடி அவளைத் தூக்கி வந்தார். கரையில் கிடத்தியபோது மூச்சு இல்லை. பதினான்கு வயது மகள் ஹெப்சிபா படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

அடக்கம் முடிந்து சத்தியநேசன் மறுபடி கலெக்டர் கச்சேரிக்குப் போய் எழுத்து வேலையில் உட்கார்ந்தார். ஹெப்சிபா வேளாவேளைக்குச் சோறு பொங்கி வைத்தாள். தகப்பனிடம் பேச்சை மட்டும் விட்டுவிட்டாள். வேதக்கோயிலில் பார்த்தவர்களெல்லாம், "நீரு என்ன செய்வீரு" என்று அவர் தோளைத் தொட்டார்கள். அந்த ஆறுதல்தான் அவரை அறுத்தது.

தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் அவர் மேலப்பாளையத்துக்கு நடந்தார். மீரா முகைதீன் தறியில் இருந்தார்.

"சாயபு, எனக்கு நீந்தப் பழக்கித் தாரும்."

மீரா முகைதீன் இழைகளுக்குள் ஓடிய நாடாவை நிறுத்தினார். "நாப்பத்திரண்டு வயசுல எதுக்கு வே? சாகதுக்கா?"

"அதுக்கு நீந்தத் தெரியாம இருக்கதே போதுமே."

மீரா முகைதீன் தறியை விட்டு எழுந்தார். "நாளைக்கு விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வாரேன்" என்றார்.

முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கச்சேரி குமாஸ்தா ஆற்றில் தத்தளிப்பதை வண்ணார்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் வாரம் முழங்கால் தண்ணீரைத் தாண்டவே அவர் தயங்கினார். முகத்தை முக்கினால் அந்தக் கை தெரிந்தது. இருமிக்கொண்டு எழுந்துவிடுவார். மீரா முகைதீன் அவர் வயிற்றின் கீழ் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினார்.

"ஆத்தோட மல்லுக்கட்டாதீரும். பைய. மூச்ச விடும், அது உம்மத் தூக்கும்."

மாசி முடிவதற்குள் குடுக்கை தேவைப்படவில்லை. மேசையில் குனிந்தே கூனிப்போன முதுகு நிமிர்ந்தது. ராத்திரி தூக்கம் வந்தது. ஒருநாள் மல்லாந்து மிதந்தபோது, வானத்தைத் தவிர ஒரு நினைவும் இல்லாமல் அவருக்குச் சுகமாக இருந்தது. அப்படிச் சுகப்பட்டதற்காக அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

பங்குனியில், அன்று தான் நின்ற இடத்தில் போய் நின்று, அங்கிருந்து கசத்துக்கு நீந்தினார். பன்னிரண்டு தடவை கை வீசியதில் போய்ச் சேர்ந்துவிட்டார். முங்கித் தரையைத் தொட்டார். வெறும் மணல். திரும்பி வந்து கரையில் உட்கார்ந்தார்.

"பன்னெண்டு வீச்சுதான் சாயபு."

"அன்னைக்கு வெள்ளம் போச்சு. அந்தக் கணக்கு வேற."

"சரி, இருவதுன்னு வையும்."

மீரா முகைதீன் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.

ஒரு மாதம் சத்தியநேசன் ஆற்றுப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிய மகளைக் கூப்பிட்டார்.

"எனக்கு நீந்தத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அம்மைய எடுத்திருப்பேன். எடுக்கக்கூடிய தூரந்தான். போய்ப் பாத்துட்டேன்."

ஹெப்சிபா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குத் தெரியும். நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

ஆறு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"நீயாவது படிச்சிக்கிடுதியா?"

அவள் தலையசைத்தாள். சமைந்த பெண்ணை ஆற்றில் இறக்குவதா என்று சபையில் முணுமுணுத்தார்கள். குருவானவரே வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். சத்தியநேசன் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் விடியுமுன் மகளை அழைத்துக்கொண்டு போனார். மூன்றே வாரத்தில் அவள் பழகிவிட்டாள். அதற்காகப் பழைய பாசம் திரும்பிவிடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். தாயைப் பற்றி இரண்டுபேரும் மறுபடி பேசவேயில்லை.

வெள்ளக் காலங்களில் சத்தியநேசன் கச்சேரிக்குப் போகுமுன் ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஆறேழு வருஷத்தில் இரண்டு பேரைத் தூக்கி வந்தார். ஒருத்தி பிழைத்தாள்.

1918இல் ஹெப்சிபா கல்யாணமாகி ஆழ்வார்குறிச்சிக்குப் போனாள். கார்த்திகையில் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சுகத்தை எழுதிவிட்டுக் கீழே நெருக்கி எழுதியிருந்தாள்:

"இங்கே ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. தினமும் போகிறேன். உங்கள் மருமகனுக்கு நீந்தத் தெரியாது. மேல்படியிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்."