மண்ணுக்குள் கனன்ற நெருப்பு

இரத்தோட்டைக்கு மேலே பத்தனை என்னும் மலைப்புல்வெளியில், மாடுகளுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று வருடாவருடம் நெருப்பு வைப்போம். மழை பொய்த்த அந்த வருடம் புல்லுக்கு அடியிலிருந்த கறுப்பு மண்ணும் பற்றிக்கொண்டது. மேலே சாம்பல்தான் தெரிந்தது.

“அணைஞ்சிருச்சு. மாட்ட குறுக்கால ஓட்டிட்டுப் போ” என்றார் எங்கள் தோட்டத்துக் கங்காணி, வேலையாட்களை மேற்பார்ப்பவர்.

என் சினைப்பசு கால் வைத்ததும் மண் உள்ளே இறங்கியது. முன்னங்கால்கள் தணலில் புதைந்தன. கதறக் கதற இழுத்துப் போட்டோம்.

“காலு வெந்தா என்ன, கறி கெடாது. கடைக்கு ஆள் அனுப்பு” என்றார். அனுப்பினேன்.

தலைமுறை தலைமுறையாகப் புல் காற்றிலிருந்து இழுத்து மண்ணில் சேர்த்த கரிதான் அந்த மண்ணின் கறுப்பு என்று வெகுகாலம் கழித்தே அறிந்தேன். அன்று அது புகையாகிப் போய், வெறும் செம்மண் மிஞ்சியது.

அடுத்த வருடம் அங்கே எரிய எதுவும் இல்லை. அப்போதும் தீப்பெட்டியோடு போனோமே, அதைத்தான் மறக்க முடியவில்லை.