சுகுணாவும் ‘எட்டும் செலவு’ம்

நான் சுகுணாவின் ஸ்டூடன்ட் இல்லை. அசிஸ்டென்டும் இல்லை.

சுகுணா நேற்று காலை செங்கல்பட்டில் இறந்துவிட்டாள். அதிலிருந்து என் போனில், "உங்க குரு போய்ட்டாங்களே ஆன்ட்டி" என்று மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. அன்புக்கு நன்றி. தகவல் தவறு.

குழந்தைகளுக்கான அரசுச் செலவு பற்றி ஆலோசனை சொல்ல எங்கள் இருவரையும் ஒரே ஆர்டரில் நியமித்தார்கள். ஒரே பதவி. அதில் என் பெயர்தான் முதலில் இருந்தது.

"அது ஆல்பபெட் வரிசை, ஸ்டெல்லா" என்பாள் சுகுணா. இருக்கட்டுமே. முதலில் இருந்தது.

எங்கள் வேலை இதுதான். பட்ஜெட்டில் "குழந்தைகளுக்காக" என்று காட்டும் பணத்தில் எது உண்மையில் குழந்தைகளுக்குப் போகிறது என்று பார்த்து, அரசிடம் சொல்வது.

ஒரு வருடம் கடலோரச் சாலை ஒன்று அந்தத் தலைப்பில் வந்திருந்தது. காரணம்... அந்த வழியாக ஸ்கூல் பஸ் போகிறதாம்!

நான் மறுத்து விரிவாக ஒரு நோட் எழுதினேன். கான்வென்ட் சிஸ்டர்களே உட்கார்ந்து படித்தாலும் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாத நோட்.

மீட்டிங்கில் சுகுணா, "சார், அதே ரோட்டுல ஒயின்ஷாப் லோடும் போவுது. அதையும் குழந்தைங்க தலைப்புல சேத்துடலாமா?" என்றாள். அறையே சிரித்தது. சாலையை எடுத்துவிட்டார்கள்.

என் நோட்டை யாரும் பிரிக்கவே இல்லை.

எங்கே போனாலும் இப்படித்தான். ஜீப்பில் டிரைவர் அவளுக்குத்தான் முன் கதவைத் திறப்பார். நான் பின்னால், ஃபைல்களோடு.

அப்படி ஒரு நாள் மாமல்லபுரம் தாண்டி ஒரு மீனவர் குப்பத்துக்குப் போனோம். அங்கன்வாடியில் புதிதாகக் கைகழுவும் தொட்டி. டைல்ஸ் எல்லாம் ஒட்டி, பளபளவென்று இருந்தது. அதுவும் குழந்தைகளுக்கான செலவுதான், பட்ஜெட்டின்படி.

அங்கே சமைக்கும் அஞ்சலை எங்களை அழைத்துப்போய்க் காட்டினாள். குழாய் என் மார்பு உயரத்தில் இருந்தது.

"பைப்பு சூப்பராத்தான் கீது மேடம். புள்ளைங்க வளந்து காலேஜ் போச்சொல்ல வந்து கை கழுவிக்கும்."

சுகுணா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அஞ்சலையும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இருவரும் வஞ்சிர விலையிலிருந்து மாமியார் வரைக்கும் பேசினார்கள். கஞ்சி போட்ட புடவையோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இந்த மேடம் இன்னா, வாயே தொறக்க மாட்டேன்றாங்கோ? கோவமா?" என்று அஞ்சலை கேட்டாள்.

"அவங்க யோசிச்சிக்கினு கீறாங்க. சும்மா இரு" என்றாள் சுகுணா.

யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பும் வழியில், திருக்கழுக்குன்றம் வரும்போது சொன்னேன். "ரிப்போர்ட்ல 'குழந்தைகள் நலச் செலவு'ன்னு எழுதாதே. 'குழந்தைக்கு எட்டும் செலவு'ன்னு எழுது. அந்தப் பணம் குழந்தை வரைக்கும் போய்ச் சேரணும். குழந்தை கை நீட்டினா தொடவும் முடியணும். ரெண்டுக்கும் ஒரே வார்த்தை."

முன் சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பினாள். "ஏய்... திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். டிரைவர் காதிலும் விழுந்தது. அவரும் இப்போது இல்லை.

ரிப்போர்ட்டை மேலே கொடுத்தபோது பெரிய அதிகாரி ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து, "நல்லா இருக்கே, யாரோட வார்த்தை இது?" என்று கேட்டார்.

"எங்களோடது சார்" என்றாள் சுகுணா.

எங்களோடது. ஆபீஸில் எல்லோரும் பேசும் 'எங்கள்' அது. "எங்க டிபார்ட்மென்ட்", "எங்க ஃபைல்" என்பது போல. அதில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அதிகாரி பேசியவளைத்தான் பார்த்தார், பேசியவளைத்தான் பாராட்டினார்.

அதன் பிறகு 'எட்டும் செலவு' அவளுடையதாகிவிட்டது. வேறு மாநில அரசுகள் ஆலோசனைக்கு அவளைக் கூப்பிட்டன. என்னைக் கூப்பிடவில்லை.

என் கணவர் கல்பாக்கத்தில் வேலை பார்த்தார். ஒரு நாள் ஸ்டாஃப் பஸ்ஸில் வந்து இறங்கி டிவியைப் போட்டால், சுகுணா பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். 'எட்டும் செலவு' என்று அவள் சொன்னதும், "இன்னா கரெக்டா சொல்றாங்க பாரு!" என்றார்.

"அது என் வார்த்தை" என்றேன்.

"அப்டியா" என்றார். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அவரும் போய்விட்டார். அந்த "அப்டியா" மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

பொறாமையா என்று கேட்பீர்கள். ஆம். அவள் இறந்ததால் அது குறையும் என்று நினைத்தேன்... குறையவில்லை. இப்போது எல்லோரும் அவளைப் பற்றித்தானே பேசுகிறார்கள்.

நேற்று போய்ப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. சுகுணாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அங்கே வெகுநேரம் நிற்க என்னால் முடியவில்லை.

போய் வா, சுகுணா. உன்னைப் போல எனக்குப் பேச வராது.

அவள் மகள் அனிதாவுக்கு ஒரு வார்த்தை. நினைவுக் கூட்ட அழைப்பிதழில், 'எட்டும் செலவு' உன் அம்மா தந்த சொல் என்று போட்டிருக்கிறாய். "அம்மாவோட ஸ்டூடன்டா ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்க ஆன்ட்டி" என்று என்னையும் கூப்பிட்டாய்.

வருகிறேன், பேசுகிறேன். அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்தச் சொல் யாருடையது என்று உன் அம்மா வீட்டில் உன்னிடம் என்ன சொன்னாள்?

போனில் வேண்டாம், அனிதா. எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, நீயும் ஆறுதலுக்காக எதையாவது சொல்லிவிடுவாய். எழுதி அனுப்பு.