ஒரு போத்தலில் மட்டும்

கிருமி வளர்க்கும் அந்தத் தட்டை முதலில் பார்த்தபோது அதில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. வழவழப்பான, வெளிறிய சிறு புள்ளிகள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை. எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் நான் மூத்த ஊழியன். கிருமியியலுக்கும் தொற்றுநோய்க்கும் சேர்த்து எங்களுக்கு இருந்தவர் ஒரே நிபுணர். அந்த டாக்டர் என்னைவிட இளையவர். அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து தினமும் கடல் கடந்து வருவார். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

தட்டில் இருந்த இரத்தம் தீவின் மறுபக்கம், பாலிக் புலாவில் டுரியான் பழத்தோட்டத்தில் வேலை செய்த ஒருவருடையது. நீரிழிவுக்காரர், விடாத காய்ச்சல். அனுப்பிய இரண்டு போத்தல்களில் ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்திருந்தது. வார்டுகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்த டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஒரு போத்தல்லதான் வந்திருக்கு டாக்டர். வெளிய இருந்து ஒட்டினதா இருக்கும்லா."

"நல்லா பார்த்தீங்களாண்ணே?"

"பார்த்துட்டேன் டாக்டர்."

நான் பாதிதான் பார்த்திருந்தேன். இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினேன். என் பேச்சை நம்பி, அது நோய்க்கிருமி அல்ல என்ற அறிக்கையில் டாக்டர் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை காலை அந்தப் புள்ளிகள் காய்ந்து, சுருக்கம் விழுந்து கிடந்தன. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மெலியோய்டோசிஸ். மழைக்காலச் சேற்றிலிருந்து உடம்புக்குள் போகும் கிருமியால் வரும் நோய், நீரிழிவுக்காரர்களைச் சீக்கிரம் சாய்த்துவிடும். டாக்டர் தட்டைப் பார்த்தார், வார்டுக்கு ஓடினார். மருந்தை மாற்றினார்கள். புதன்கிழமை நோயாளி இறந்துபோனார். முன்பே மாற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். டாக்டருக்கு அது ஆறுதலாக இல்லை.

குடும்பம் கேட்டால் சொல்லலாம், நாமாகப் போக வேண்டாம் என்றது நிர்வாகம். டாக்டர் போவதென்று முடிவு செய்தார். "வரீங்களாண்ணே?" என்று கேட்டபோது மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

இறந்தவரின் மனைவி எங்களை உட்கார வைத்தார். வாசலில் கணவருடைய ரப்பர் காலணிகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"என்ன நோய்னு வெள்ளிக்கிழமையே கண்டுபிடிச்சிருக்கணும்மா. தவறிடுச்சு. கையெழுத்து போட்டது நான்தான்" என்றார் டாக்டர்.

நான் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை ஏன் டாக்டர் இப்ப வந்து சொல்றீங்க?" என்றார் அந்த அம்மா. "விதின்னு நினைச்சு மனச தேத்திக்கிட்டு இருந்தேன். இனி எப்படித் தூங்குவேன்?"

அந்த அம்மா அழுது முடிக்கும்வரை டாக்டர் எழுந்திருக்கவில்லை.

சென்ற ஆண்டு டாக்டருக்கு வழியனுப்பு விழா நடத்தினோம். பெருந்தொற்றுக் காலத்தில் அவர் வீட்டுக்கே போகாமல் உழைத்ததை எல்லாரும் பேசினார்கள். நானும் கைதட்டினேன். மனம் மட்டும் பாலிக் புலாவிலிருந்து திரும்பிய அந்த மலைப்பாதையில் நின்றது.

அன்று இரண்டு வளைவு தாண்டியதும் நான் சொன்னேன், "அன்னைக்கு ஒரு சோதனைய நான் செய்யவே இல்ல டாக்டர். பார்த்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் காரை ஓரமாக நிறுத்தினார்.

"அதை அங்க சொல்லியிருக்கலாம்லாண்ணே."

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கார் நின்றது. காரைத் திருப்பி அந்த அம்மாவிடம் போக அங்கே இடம் இருந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் காரை மறுபடி சாலைக்கு எடுத்து, பட்டணத்தை நோக்கி ஓட்டினார்.