இவங்கதான் வூட்டுக்காரரு

வீட்டை விற்க இருந்தவர் முற்றத்தில் ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தார். அதில் என் தம்பியை உட்காரச் சொல்லிவிட்டு, என்னையும் தரகர் அம்மாவையும் நிற்கவைத்தே பேசத் தொடங்கினார். சுவரின் கனம், கூரைக்குப் போட்ட கம்பி, கோடையிலும் வற்றாத கிணறு என்று ஒவ்வொன்றையும் தம்பியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். தம்பி லாரி ஓட்டுகிறவன். எனக்குத் துணையாக வந்தவன். என்ன செய்வதென்று தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பி, "வூட்டுக்காரரு வர்லீங்களா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் தரகர் அம்மா முந்திக்கொண்டார். "வந்துட்டாங்களே. இவங்கதான் வூட்டுக்காரரு. இன்னா சொல்லணுமோ இவங்ககிட்ட சொல்லுங்க." பிறகு தம்பியின் தோளைத் தட்டி, "எழுந்துரு கண்ணு, அக்கா ஒக்காரட்டும்" என்றார். அவன் எழுந்தான். எனக்குக் கால் ஒன்றும் வலிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன்.

அந்த அம்மாவை எல்லோரும் ஆபா என்பார்கள். உருது பேசும் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம். வாணியம்பாடிக்காரர். தோல் மண்டியில் வேலை பார்த்த கணவர் உடம்புக்கு முடியாமல் வீட்டோடு தங்கிவிட, அக்கம்பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கத் தொடங்கி, மெல்ல வாங்குவது விற்பது என்று தொழிலில் கால் ஊன்றியவர். கறுப்புப் புர்காவின் மேல் ஆண்கள் போடும் பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு மலையேறும் பேருந்தில் வந்து இறங்குவார். டீக்கடை பெஞ்சில் ஆண்களுக்கு நடுவே இடம் கேட்டு வாங்கி உட்கார்ந்து, டீயில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போடுவார். பணிவு என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

நான் இந்த மலையில் பிறந்தவள். ஜமுனாமரத்தூருக்கு அப்பால், பேருந்து போகாத ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. அப்பாவுக்குச் சாமை விளைகிற கொல்லையும் சில புளியமரங்களும் இருந்தன. அவை தம்பிக்குப் போயின. எங்கள் ஊரில் பெண்ணுக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் இல்லை. நானும் கேட்கவில்லை. நர்ஸ் படிப்பு முடித்து ஜமுனாமரத்தூரிலேயே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. கணவர் கேரளத்துக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அழுது முடித்த பிறகு சந்தைத் தெருவுக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். வருடங்கள் அப்படியே ஓடின. ஒரு நாள் அறைக்குச் சொந்தக்காரர் வந்து, அருவி பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போவதாகவும் என்னைக் காலி செய்யும்படியும் சொன்னார். வாரக் கடைசியில் இரண்டு இரவு தங்கிப் போகிறவர்கள், நான் ஒரு மாதம் முழுக்கத் தருவதைவிட அதிகமாகத் தருவார்களாம். நான் பிறந்த மலையில், வந்து போகிறவர்களுக்காக நான் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். இனி வாடகைக்குத் தேடுவதில்லை. யாரும் என்னைப் போகச் சொல்ல முடியாத ஒரு வாசல் வேண்டும்.

ஊரில் சொன்னபோது பெரியப்பா சிரித்தார். ஒற்றைப் பொம்பளைக்கு வீடு எதற்கு, தம்பி வீடு இருக்கிறதே என்றார். அப்படியே வாங்கினாலும் தம்பி பேரில் எழுதிவிடு, நாளைக்கு நீ இல்லாமல் போனால் சிக்கல் வராது என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவன் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நான் இன்னும் வீட்டையே பார்க்கவில்லை, அதற்குள் என் சாவுக்குப் பிறகு அது யாருக்கு என்று பங்கு பிரித்துவிட்டார்கள்.

முதலில் எனக்கு வாய்த்த தரகர் செங்கத்துப் பக்கத்துக்காரர். மோட்டார் சைக்கிளில் வருவார். இனிமையாகப் பேசுவார். ஓடைக்கு அருகே புதிதாகக் கட்டிய ஒரு வீட்டைக் காட்டினார். பச்சை வண்ணம் அடித்த சுவர், பளபளக்கும் தரை. எனக்கு மயக்கமாகத்தான் இருந்தது. இன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுங்கள், நாளைக்கு இன்னொருவர் வருகிறார் என்று அவசரப்படுத்தினார். பட்டா பற்றிக் கேட்டால், கைக்கு வந்துவிடும் என்பார். நான் பணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த சமயத்தில்தான் ஆபா ஆஸ்பத்திரிக்கு வந்தார். யாருக்கோ இடம் காட்டப் போய்ப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் வீங்கியிருந்தது. நான் கட்டுப் போடும்போது அந்தத் தரகர் போனில் அழைத்தார். நான் பேசி முடிக்கும்வரை ஆபா வலியை மறந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"பட்டா இருக்குதா சிஸ்டர்?" என்று கேட்டார்.

வந்துவிடும் என்கிறார்கள் என்றேன்.

"வந்துடும்னா அது வராத பட்டா. வந்திருந்தா மொதல்ல அதத்தான காமிச்சிருப்பான்?" என்றவர், அந்த வீடு நிற்கிற மண் யாருடையது என்று பக்கத்து ஊரில் போய் விசாரிக்கச் சொன்னார்.

மறுநாளே போனேன். அந்த நிலம் எங்கள் ஜனத்தைச் சேர்ந்த ஒரு பெரியவருடையது. மலைக்காரர்களுக்கென்று, வெளியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அரசாங்கம் கொடுத்த நிலம். அவர் அதைக் குத்தகைக்கு விட்டிருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார். குத்தகைக் காலம் முடிந்ததும் அந்தப் பச்சை வீட்டுக்காரர்கள் வீட்டைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள், தான் மறுபடியும் சாமை விதைக்கலாம் என்றார். சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். அங்கிருந்தே செங்கத்துத் தரகரைக் கூப்பிட்டு வேண்டாம் என்றேன். அவருடைய இனிமை அந்த நொடியில் போய்விட்டது. "உங்க ஜனத்துக்கு இதுக்கு மேல எவன் வூடு குடுப்பான்?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அந்தப் பெரியவரைத் தாலுகா அலுவலகத்துக்கு நானே கூட்டிப்போய் மனு கொடுக்க வைத்தேன். அவருடைய வழக்கு இன்னும் நடக்கிறது. அவர் இன்னும் விடவில்லை.

ஆபாவிடம் போய் நின்றபோது அவர் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட்டார். "சும்மா செய்வேன்னு நெனைக்காத. கமிஷன் வாங்குவேன். ஒன்கிட்டயும் வாங்குவேன், விக்கறவன்கிட்டயும் வாங்குவேன். ஆனா பொய் சொல்லி வாங்க மாட்டேன்." இலவசமாக உதவுகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேன். கூலியைக் கேட்டு வாங்குகிறவரிடம் வேலையையும் கேட்டு வாங்கலாம் என்ற தைரியம் வந்தது.

அவர் வீடு பார்க்கிற விதமே வேறு. வீட்டுக்குள் நேராகப் போகமாட்டார். முதலில் அக்கம்பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடிப்பார். அந்தச் சாக்கில் வீட்டுப் பெண்களிடம் பேச்சுக் கொடுத்து, சாக்கடை எங்கே தேங்குகிறது, யார் குடித்துவிட்டு வருகிறார், கிணற்றில் யாருக்குப் பங்கு என்று எல்லாவற்றையும் கறந்துவிடுவார். வெயிலில் பார்த்துப் பிடித்த வீட்டை மழையில் ஒரு முறை பார்க்க வைப்பார். அப்படிப் பார்த்ததில் எனக்குப் பிடித்திருந்த ஒரு வீட்டின் சமையலறைக்குள் ஓடையே வந்து நின்றது. சில வீடுகளில் நான் யார் என்று தெரிந்ததும் விற்கிற எண்ணம் இல்லை என்றார்கள். ஆபா அந்தப் படிகளை விட்டு இறங்கும்போது, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "நல்லதா போச்சு, இந்த வூட்ல காத்தே இல்ல" என்பார்.

கடைசியில் கிடைத்ததுதான் நான் முதலில் சொன்ன நாற்காலிக்காரரின் வீடு. மலையடிவாரத்திலிருந்து வந்து இங்கே மளிகை வியாபாரம் செய்தவர். மகனோடு இருக்கத் திருப்பத்தூருக்குப் போகிறார். அவருடையது பழைய வீட்டுமனை, தடையில்லாத பட்டா. ஆபாவே அலுவலகத்தில் விசாரித்து உறுதி செய்துகொண்டார். இரண்டு அறை, பின்னால் ஒரு பலாமரம், பக்கத்து வீட்டோடு பொதுவான கிணறு. அந்தப் பக்கத்து வீட்டில் அவருடைய மறைந்த தம்பியின் மனைவியும் இரண்டு மகள்களும் இருந்தார்கள். விலை படிந்து, அவரும் வாக்குக் கொடுத்தார்.

பத்திரம் எழுதக் கிளம்புகிற வாரத்தில் பேச்சு மாறியது. தனியாக இருக்கிற பொம்பளை, நேரங்கெட்ட நேரத்தில் வேலைக்குப் போய் வருகிறவள், அக்கம்பக்கத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். ஆபா விசாரித்ததில் உண்மை தெரிந்தது. செங்கத்துத் தரகர் ஒரு நகரத்துக்காரரைக் கூட்டி வந்திருக்கிறார். அவர் வீட்டை இடித்துத் தங்கும் விடுதி கட்டப் போகிறார், அதிக விலை தருகிறார். ஆபா ஒதுங்கிக்கொண்டால் அவருக்கும் கணிசமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை ஆபாவே என்னிடம் சொன்னார். "பொய் சொல்ல மாட்டேன் சிஸ்டர். எனக்கும் ஒரு நிமிசம் ஆசை வந்துச்சு. வூட்ல மருந்துச் செலவு இருக்குது. அப்புறம் நெனைச்சேன், அவன் துட்டு தர்றது நான் வேலை செய்யறதுக்கு இல்ல, செய்யாம இருக்கறதுக்கு. அந்தத் துட்டு எனக்கு வேணாம்."

இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். துணைக்குத் தம்பியைக் கூப்பிடவில்லை. ஆபா வீட்டுக்காரரிடம் கெஞ்சவில்லை. பக்கத்து வீட்டு வேலியருகே போய், அவருடைய தம்பி மனைவியை அழைத்தார். அக்கம்பக்கம் ஒத்துக்கொள்ளாது என்று உங்கள் பெரியவர் சொல்கிறார், இருக்கிற அக்கம்பக்கம் நீங்கள் ஒருத்தர்தான், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். விடுதி வரப்போவது அந்தப் பெண்மணிக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது. கையிலிருந்த முறத்தைத் திண்டின் மேல் வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார். அதுவரை, மாமா என்று அழைக்கும் கணவரின் அண்ணனுக்கு எதிரே அவர் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

"இங்க லாட்ஜ் கட்டுனா நான் ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு எங்க போவேன்? கெணத்துல எனக்குப் பாதி இருக்குது மாமா. லாட்ஜுக்காரனுக்கு ஒரு கொடம் தண்ணி வுட மாட்டேன். அப்புறம் ஒங்க இஷ்டம்" என்றார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்த நிமிடம்வரை எனக்காக மற்றவர்களே பேசியிருந்தார்கள். இது என் வேலை என்று தோன்றியது. "வேலைக்கு எந்நேரம் போறேன், எந்நேரம் வர்றேன்னு நான் யாருக்கும் கணக்கு சொல்ல மாட்டேங்க. வாக்கு குடுத்தீங்க. அத இல்லன்னு சொல்றதா இருந்தா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, ஆள் வுட்டுச் சொல்லாதீங்க" என்றேன். அவர் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டே சரி என்றார். மனமாரச் சொன்னார் என்று எழுதினால் அது பொய். கிணற்றுத் தண்ணீருக்குத் தகராறு உள்ள மனைக்கு நகரத்துக்காரர் பழைய விலை தரமாட்டார் என்று அவருக்குத் தெரியும். வாக்கும் கிணறும் சேர்ந்துதான் அந்தச் சரியை வாங்கித் தந்தன.

பதிவு நாளில் பெரியப்பாவும் மலையிறங்கி வந்திருந்தார். தம்பி பேரைச் சேர்க்கச் சொல்லிக் கடைசியாக ஒரு முறை கேட்டார். இம்முறை தம்பியே, "வேணா பெரீப்பா, அது அக்கா வூடு" என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. பத்திரம் எழுதுகிறவர் கணவர் பெயரைக் கேட்டார். அப்பா பெயரைப் போடுங்கள் என்றேன். வழக்கமாகக் கணவர் பெயர்தான் என்று இழுத்தார். எனக்கு வழக்கம் இதுதான் என்றேன். ஆபா அறையின் மூலையில் நின்றுகொண்டு, தன் கமிஷனைப் பற்றி வீட்டுக்காரரிடம் கறாராகப் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது ஆபாவுக்கு மூட்டு வலி. மலையேறுவதில்லை. வாணியம்பாடியில் பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டு, போனிலேயே வீடு பேசி முடிக்கிறார். நானும் பக்கத்து வீட்டம்மாவும் கிணற்றுக்குச் சேர்ந்து மோட்டார் போட்டிருக்கிறோம். அவருடைய மூத்த மகள் இப்போது நர்ஸ் படிக்கிறாள். நான் சொல்லிப் படிக்கவில்லை. என் சம்பளத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்ந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. வண்டியை விட்டு இறங்காமலே ஒருவர், இந்த இடம் விலைக்கு வருமா என்று கேட்டார். வராது என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு அம்மா என்று சிரித்தார். நான் அடுத்த புடவையை உதறினேன். உதறலில் தெறித்த தண்ணீர் அவர் மூக்குக்கண்ணாடி மேல் விழுந்தது. அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மாலையில் ஆபாவைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"எவ்ளோ தர்றேன்னான்?" என்றார்.

கேட்கவில்லை ஆபா என்றேன்.

"கேட்டிருக்கணும். விக்கறதுக்கா? நாம எவ்ளோ பெரிய துட்ட வேணாங்கறோம்னு நமக்குத் தெரியணும்ல?"

அதுவும் சரிதான். அடுத்த முறை கேட்பேன். அவர் கடைசிவரை சொல்லட்டும், பொறுமையாகக் கேட்டுக்கொள்வேன். பிறகு இல்லை என்பேன்.