வூபோ காலி செய்த குட்டி இடம்

தயிர்ப் புட்டியை வழிப்பதற்கென்றே நீளக் காம்பில் ரப்பர் வைத்த ஒரு கருவி நெதர்லாந்தில் எங்கள் லேவார்டன் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. வழித்த புட்டியை மறுபடி வழிப்பவர் என் பக்கத்து வீட்டு வூபோ ஒருவர்தான். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். குடும்பத்தின் கம்ப்யூட்டர் வைத்தியரும் அவரே. மற்றவர்களுக்கு அதுகூடத் தெரியாது என்பதுதான் தகுதி.

அவருடைய அக்கா ஆவ்க்யாவுக்கு எழுபது வயது. அவள் பிறந்தநாளில் காட்ட, கனடாவிலிருந்து சித்தப்பா மகள் அனுப்பிய பழைய படங்களை லேப்டாப்பில் ஏற்றினார். அக்கா பார்த்தேயிராத, அப்பாவின் வாலிபக் காலத்துப் படங்கள்.

இடம் போதவில்லை. ஹார்ட் டிஸ்க்கின் பிரிவுகளைத் திறந்து பார்த்தால், பெயரில்லாத ஒரு குட்டிப் பிரிவு சும்மா கிடந்தது. சும்மா கிடப்பதை எங்கள் ஊர்க்காரன் விடுவானா? அழித்து, பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிட்டார். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் எதை எழுப்ப வேண்டும் என்ற குறிப்பு இருந்ததே அங்கேதான். அப்புறம் கறுப்புத் திரைதான்.

"எதத் தொட்டீங்க?" என்றாள் மனைவி ஹிங்க்யா.

"ஒண்ணும் தொடல. காலியா கெடந்துச்சு, அவ்வளவுதான்."

"மாடி ரூமும் காலியாத்தான் கெடக்கு. இடிச்சிருங்களேன்."

என் கம்ப்யூட்டரில் பழுதுபார்க்கும் பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்துகொண்டு, செத்த லேப்டாப்போடு அக்கா வீட்டுப் பிறந்தநாளுக்கு வந்தார்; என்னையும் அழைத்திருந்தார்கள். வட்டமாக நாற்காலி, எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லியாயிற்று, ஆளுக்கு ஒரு துண்டு கேக், அதுவும் ஆயிற்று. மூலையில் வூபோ, பக்கத்துப் பிரிவு விழுங்கிய இடத்தைத் திரும்பக் கக்க வைத்து, பழுதுபார்ப்பை ஓட்டினார். திரையில் சதவீதம் ஊர்ந்தது. வேறு வேலையில்லாமல் வட்டம் முழுவதும் அதையே பார்த்தது.

"மச்சான், இது பஸ்ஸா இருந்தா நாங்க எப்பவோ எறங்கி நடந்திருப்போம்" என்றார் அக்கா புருஷன் ஷூர்ட்.

"போன வருஷம் இவன் காட்டின மலைப் படத்துக்கு இது தேவலாம்" என்றாள் ஆவ்க்யா. வூபோ சிரிக்கவில்லை. அலுத்துப்போயிருந்தார்.

மாலை ஆறு மணிக்கு அவரவர் வீட்டு மேஜையில் உருளைக்கிழங்கு இருந்தாக வேண்டும். அதற்கு மேல் உட்கார்ந்தால் சோற்றுக்குக் காத்திருக்கிறான் என்று பேராகிவிடும். எல்லாரும் ஒருசேர எழுந்து கோட்டு மாட்டினோம். என் ஒரு கை கோட்டுக்குள் போயிருந்தபோது லேப்டாப் உயிர்பெற்றுக் கிணுங்கியது. யாரும் திரும்பவில்லை. வாசல் காலியாகிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றார் வூபோ, தலை நிமிராமல். "தப்பு என்னோடதுதான். நானேதான் அழிச்சேன்."

"அது கேக் வெட்டும்போதே எல்லாருக்கும் தெரியும்டா. படத்தக் காட்டு."

படகு மேல் ஒரு பையன், தொப்பி சரிய, வாய் நிறையச் சிரிப்பு. கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்திருந்த ஆவ்க்யா ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்குச் சிரிக்கவெல்லாம் தெரியுமா?"

"கெழங்கு அடிப்பிடிக்குது!" என்று அடுக்களையிலிருந்து ஷூர்ட் கத்தினார்.

"பிடிக்கட்டும்" என்றாள். "அடுத்ததப் போடுடா."