பார்க்காமல் சொன்ன ‘சரி’

என் தங்கை பஸ் கண்டக்டர். படியில் தொங்குகிறவனை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றிவிடுவாள். அப்படிப்பட்டவளைப் பிரசவ வார்டில் மல்லாக்கப் படுக்கவைத்து, குழந்தையின் துடிப்பு பார்க்கிற பெல்ட்டை வயிற்றில் கட்டி, “அசையாதம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வலியில் துடிக்கிறவளை அசையாதே என்றால் என்ன நியாயம்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே ஆஸ்பத்திரியில்தான் என் பிரசவத்தில் வயிற்றைக் கிழித்தார்கள். ஏனென்று கேட்டதற்கு “லேட்டாகுது” என்றார்கள். யாருக்கு லேட்? இன்றைக்கும் குனிந்து குடம் தூக்கினால் தையல் சுருக்கென்கிறது.

“எனக்கும் அந்தக் கதி வேணாம்க்கா. ஓடுற வண்டில நின்னு பொழைக்கிறவ நான்” என்றாள் தங்கை.

மதியம் டாக்டரம்மா வந்தார். தங்கைக்கும் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் ஆபரேஷன் என்றார்.

“குழந்தைக்கு ஆபத்தா?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேருக்கும் துடிப்பு நல்லாத்தான் இருக்கு. எதுக்கு ரிஸ்க்?”

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் இன்னொரு டாக்டரும் பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்பது அங்கே விதி. நல்ல விதிதான். அதை என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா? டாக்டரம்மா போனைக் காதில் வைத்து, “மேடம், ரெண்டு கேஸ்” என்றார். மறுமுனையில் பெரிய டாக்டரின் குரல் “சரி” என்றது. இரண்டு வயிற்றுக்கு ஒரே சரி!

தங்கை எழுந்து உட்கார்ந்தாள்.

“ஆள் ஏறிட்டாங்களான்னு பார்க்காம நான் ‘ரைட்’ சொன்னா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க. அவங்க மட்டும் பார்க்காமலே சொல்லலாமா? நேர்ல வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் நடக்கறேன்.”

“டாக்டருக்கே பாடம் எடுக்கறியா?” என்றார் டாக்டரம்மா.

“பாடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வந்து பார்க்கத்தான் சொல்றா” என்று நானும் குரலை உயர்த்தினேன்.

முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டைக் கழற்றினார்கள். என் தோளைப் பிடித்தபடி வராந்தாவில் நடந்தாள். வலி வந்தால் சுவரில் சாய்வாள், நான் இடுப்பைத் தேய்ப்பேன். நர்ஸ் அவ்வப்போது வந்து துடிப்பு பார்த்தாள். பெரிய டாக்டர் சிடுசிடுவென்று வந்து சோதித்தார்.

“தலை நல்லா இறங்கிட்டுத்தானே இருக்கு? என்ன அவசரம்? காத்திருங்க.”

காத்திருக்க வேண்டுமாம்! போனில் சரி சொன்ன அதே வாய்.

பொழுது சாயும்போது பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். “உனக்கு அதிர்ஷ்டம்மா” என்று தட்டிக்கொடுத்தார் டாக்டரம்மா. அதிர்ஷ்டமாம், மண்ணாங்கட்டி!

பக்கத்துக் கட்டில் பெண்ணை அந்த ‘சரி’ கிடைத்ததுமே தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இப்போது வயிற்றில் கட்டோடு படுத்திருந்தவள், மெதுவாகத் தங்கை பக்கம் தலையைத் திருப்பினாள்.

“அக்கா, அந்த டாக்டர் வந்தாங்களா? என்னைப் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?”

ஊரையே அதட்டுகிற என் தங்கை அழுதாள்.